ஆர்னால்ட் ராத்ஸ்டைன்: வேர்ல்ட் சீரிஸை விற்றவரா, தன் பேரை விற்க விட்டவரா?

பழையபேப்பர் | வெள்ளி, இரவு 9:40

போன வாரம் சிகாகோ தாதா அல் கபோன் பற்றிய இழையில் ஒருவர் போகிறபோக்கில், "இவனுக்கெல்லாம் அப்பன் ராத்ஸ்டைன். 1919-ல் பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸையே விலைக்கு வாங்கினவன்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கேயே பதில் சொன்னால் இழை திசைமாறும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்கு: வேர்ல்ட் சீரிஸ் என்பது அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கிற இறுதித் தொடர். ஆர்னால்ட் ராத்ஸ்டைன், 1882 ஜனவரி 17 அன்று மன்ஹாட்டனில் பிறந்தவர். அப்பா ஆபிரகாம் துணித் தொழிலில் இருந்த பக்திமான், யூத சமூகத்தில் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிற அளவுக்கு மரியாதை. "நியாயஸ்தர் ஏப்" என்றே அவருக்குப் பட்டப்பேர். பிள்ளைக்கு நியூயார்க்கின் கேளிக்கைத் தெருவான பிராட்வேயில் கிடைத்த பட்டப்பேர்கள் வேறு: "தி பிரெய்ன்" (மூளை), "தி பிக் பேங்க்ரோல்" (பெரிய பணக்கட்டு), சுருக்கமாக ஏ.ஆர். குடிக்க மாட்டார். சிகரெட் கிடையாது. ராத்திரி லிண்டீஸ் உணவகத்தில் ஒரு மேஜை, முன்னால் ஒரு கிளாஸ் பால். அதுதான் ஆபீஸ். 1928 நவம்பரில் வயிற்றில் குண்டு பட்டு 46 வயதில் செத்தார். அதுவரை ஒரு நாள்கூட சிறைத் தண்டனை அனுபவிக்கவில்லை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1919 விஷயத்தில் அவர்மேல் இருக்கிற சான்று எல்லாம் அடுத்தவன் வாய்ச்சொல். அவருடைய நிஜமான தொழில் கடன் கொடுப்பது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதில் சினிமா இல்லையல்லவா.

வாசு_77 | வெள்ளி, இரவு 10:05

பிறவியிலேயே ஆள் வேற மாதிரி சார். மூணு வயசில், அண்ணன் ஹாரி தூங்கிட்டிருக்கும்போது பக்கத்தில் கத்தியோடு நின்றிருக்கிறான். அப்பா வந்து பார்த்து ஏன்டா என்றால், "ஹாரியை எனக்குப் பிடிக்கலை" என்றானாம். அந்த ஹாரி பின்னால் மதகுருவாகப் படிக்கப் போனார். இவன் இப்படிப் போனான். ஒரே வீடு!

ரேவதி_வக்கீல் | வெள்ளி, இரவு 10:31

வாசு, அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தூக்கத்தில், ஒருவருக்கு மூன்று வயது, மூன்றாமவர் மகன் பேரை வெளியில் சொல்லவே விரும்பாத அப்பா. கதை எந்த வழியாக வெளியே வந்தது? ஒருத்தன் பேர் வாங்கிய பிறகு அவனுடைய தொட்டிலைத் தேடிப்போய் அதில் ஒரு கத்தியை வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

எனக்கு அதைவிட இன்னொரு கதைதான் பிடிக்கும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை பொழுது சாயும்வரை பக்தியுள்ள யூதர் பணத்தைத் தொட மாட்டார். அப்பா பாக்கெட்டைக் காலி செய்து வைத்துவிட்டு ஜெப ஆலயம் போவார். பையன் அதை எடுத்துப்போய் சூதாடி, சனி மாலைக்குள் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவான். அப்பாவின் தங்கக் கடிகாரத்தையும் இதே கணக்கில் அடகு வைத்து மீட்டிருக்கிறான் என்பார்கள். இதற்கும் சாட்சி பெரிதாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் பின்னால் செய்த தொழிலுக்கு இது பொருந்துகிறது. சும்மா கிடக்கும் பணத்தை 24 மணி நேரம் வேலை வாங்குவது.

சும்மாஒருத்தன் | வெள்ளி, இரவு 10:34

எங்க அப்பா பாக்கெட்டில் எந்தக் கிழமை கை வைத்தாலும் பஸ் டிக்கெட்தான் இருக்கும். அதனால்தான் நான் இன்னும் பெரிய ஆளாகவில்லை.

பழையபேப்பர் | வெள்ளி, இரவு 11:02

ரேவதி மேடம் சொன்ன மாதிரிதான், இவரைப் பற்றி எதை எடுத்தாலும் கதை வளர்ந்துகொண்டே போகும். 1909 நவம்பரில் ஜாக் கான்வே என்ற பிலடெல்பியாக்காரரோடு ஒரு பில்லியர்ட்ஸ் மேட்ச். வியாழக்கிழமை ராத்திரி தொடங்கி சனிக்கிழமை விடிகாலை வரை ஓடியது. கடை ஜான் மெக்ராவுடையது, நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் மேனேஜர். "விட்டால் என் கடையிலேயே செத்துப்போவீர்கள்" என்று அவர்தான் ஆட்டத்தை நிறுத்தினாராம். ஒரு புத்தகத்தில் 32 மணி நேரம், இன்னொன்றில் 34, வேறொன்றில் 40. ஆளே செத்துவிட்டார், மேட்ச் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

இன்னொன்று, இது மனைவி கரோலின் பின்னால் எழுதிய நினைவுகளில் வருவது. 1909 ஆகஸ்டில் சரடோகாவில் கல்யாணம். அந்த ஊரில் அது குதிரைப் பந்தயக் காலம். கல்யாணம் ஆன கையோடு, "உன் நகைகளைக் கொடு, கொஞ்சம் பணம் புரட்ட வேண்டும்" என்று வாங்கி அடகு வைத்திருக்கிறார். மகன் யூதரல்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று அப்பா உறவையே அறுத்துக்கொண்டார்.

கணக்கர் | சனி, காலை 6:50

நான் ஒரு தனியார் ஃபைனான்ஸில் ஒன்பது வருஷம் வசூல் பக்கம் இருந்தவன். பேர் வேண்டாம், இன்னும் நடக்கிறது. அதனால் கடன் பகுதியை என்னிடம் விடுங்கள்.

எங்கள் ஆபீசில் கடன் கேட்டு வருகிறவருக்கு முதலில் டீ வரும். அப்புறம் தொகை நிரப்பாத பிராமிசரி நோட்டு நான்கு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியபடி. ஸ்டாம்பின் மேல் பாதி, தாளின் மேல் பாதி விழுகிற மாதிரி கையெழுத்து வாங்க வேண்டும். வாங்குகிறவர் கை லேசாக நடுங்கும், நாங்கள் அந்நேரம் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்போம். வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகிறது, அந்த ஸ்டாம்ப் பசை வாசம் இன்னும் போகவில்லை.

ராத்ஸ்டைன் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர். இவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியும் இருந்தது. பெரிய தொகை கடன் கேட்கிறவன் அவரிடமே ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டும், பயனாளி ராத்ஸ்டைன். கடன் வாங்கினவன் உயிரோடு இருந்தால் வட்டி, செத்தால் அசல். நடுவில் பிரீமியம் கமிஷன் தனி. மாட்டினால் ஜாமீன் பத்திரமும் அவர் கம்பெனியே கொடுக்கும், அதற்கும் கட்டணம். எந்த கவுன்ட்டருக்குப் போனாலும் உள்ளே உட்கார்ந்திருப்பது அதே ஆள்.

அமெரிக்காவில் மதுவிலக்கு வந்ததே 1920 ஜனவரி 17, அவருடைய 38-வது பிறந்தநாள். டெட்ராய்ட் பக்கமிருந்து மேக்ஸி கிரீன்பர்க் என்ற ஆள், வேக்ஸி கார்டன் என்ற நியூயார்க் ரவுடி மூலமாக வந்து, கனடாவிலிருந்து விஸ்கி கடத்த 1,75,000 டாலர் கேட்டான். சென்ட்ரல் பார்க் பெஞ்சில் பேச்சுவார்த்தை. இவர் ஒரு நாள் யோசித்துவிட்டு, "கனடா எதற்கு? பிரிட்டனிலிருந்து கப்பலிலேயே கொண்டுவரலாம், தொழிலை என் பேரில் நடத்தலாம், நீங்கள் என்னிடம் கடன் வாங்கிப் பங்கு போடுங்கள்" என்று திருப்பிவிட்டார். கேட்டு வந்தவன் சொத்தும் ஈடாகப் போனது, இன்சூரன்ஸும் எடுத்தான். கடன் கேட்டு வந்தவனை வேலைக்காரன் ஆக்கி அனுப்புவது! எங்கள் முதலாளி கேட்டிருந்தால் இவருக்குக் கோயில் கட்டியிருப்பார்.

அதோடு ஒரு சரக்கில் கடலோரக் காவல்படை நெருக்கடி வந்ததும் கப்பல் வியாபாரத்தை விட்டு ஒதுங்கிவிட்டார். கடத்துவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் பணம் மட்டும் போடுகிறேன் என்று. லக்கி லூசியானோ, மேயர் லான்ஸ்கி, ஃபிராங்க் காஸ்டெல்லோ, லெக்ஸ் டயமண்ட், பின்னால் பெரிய தாதாக்களான பாதிப்பேர் இவர் காசில் கைபழகியவர்கள்.

பவுண்டரிலைன் | சனி, காலை 9:15

எல்லாம் சரி, மேட்ச் ஃபிக்ஸிங்குக்கு வாங்க. கிரிக்கெட் பார்க்கிறவனுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். ஒன்பது பேர் ஆடுகிற ஆட்டத்தை எப்படி விற்பது?

டொரண்டோ_மணி | சனி, காலை 10:40

நான் சொல்லுறன். இங்கே என்ர பெடியன் பேஸ்பால் ஆடுறவன், சனிக்கிழமை எண்டால் எனக்கு மைதானத்து மரப்பலகைதான் கதி. இப்பவும் அங்கே இருந்துதான் எழுதுறன்.

இதில பிட்சர்தான் எல்லாம். எங்கட போலர் மாதிரி, ஆனால் ஆறு பந்தோட ஓவர் முடிஞ்சு ஆள் மாறுறதில்லை. அந்தக் காலத்தில ஒருத்தரே முழு ஆட்டமும் போடுவார். ஆக, அணியின்ர முதல் இரண்டு பிட்சரைப் பிடிச்சால் பாதி வேலை முடிஞ்சுது. சிகாகோ வைட் சாக்ஸில அந்த இரண்டு பேர் எடி சிகாட், லெஃப்டி வில்லியம்ஸ். இரண்டு பேருமே விலை போனார்கள். எட்டுப் பேர் பேர் அடிபட்டுது, ஒழுங்கு செய்தது முதல் பேஸ்காரர் சிக் கேண்டில்.

1919 அக்டோபர் 1, சின்சினாட்டி. முதல் இன்னிங்ஸில சிகாட் போட்ட இரண்டாவது பந்து, எதிரணி ஆள் மோரி ராத்தின்ர முதுகில நேராப் பட்டுது. அடி பட்டவர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம், அதுதான் விதி. "ஒப்பந்தம் ஓகே" எண்டதுக்கு அதுதான் அடையாளம் எண்டு கதை. அந்த ஆட்டம் 9-1 எண்டு சின்சினாட்டிக்குப் போச்சுது. அந்த வருஷம் ஒன்பதில ஐந்து வெல்லவேணும். சின்சினாட்டி 5-3 எண்டு வென்றது.

முதுகில பந்து படுகிற சத்தத்தைக் கிட்ட இருந்து கேட்டிருக்கிறீங்களா? ஈரத் துணியைக் கல்லில அடிச்ச மாதிரி. போன மாதம் என்ர பெடியனுக்குப் பட்டுது. அவன் அழாமல் ஓடிப்போனான், நான்தான் எழும்பி நிண்டன். 1919-ல பார்த்தவைக்கு அது ஒரு சைகை எண்டு எப்படித் தெரியும்?

பவுண்டரிலைன் | சனி, காலை 10:58

அதாவது முதல் ஓவரில் வேண்டுமென்றே நோ-பால் போடுகிற மாதிரி. புரிந்தது மணி அண்ணே. ராத்ஸ்டைன் இதில் எங்கே வருகிறார்?

பழையபேப்பர் | சனி, மதியம் 12:20

இங்கேதான் எல்லாரும் ஒரே கதையாகச் சொல்லிவிடுகிறார்கள். நிஜத்தில் இரண்டு கூட்டம்.

முதல் கூட்டம்: பில் பர்ன்ஸ், முன்னாள் பிட்சர். அவருடைய கூட்டாளி பில்லி மாஹர்க். இவர்களிடம் ஆட்டக்காரர்கள் 1,00,000 டாலர் கேட்டார்கள். அவ்வளவு பணத்துக்கு நியூயார்க்கில் ஒரே வாசல்தான். போய்க் கேட்டார்கள். ராத்ஸ்டைன் முடியாது என்று சொல்லிவிட்டார், அதுவும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. அப்புறம் ஏப் அட்டெல் வருகிறார். முன்னாள் ஃபெதர்வெயிட் குத்துச்சண்டை சாம்பியன், ராத்ஸ்டைனின் கூடவே திரிகிறவர். "ஏ.ஆர். மனசு மாறிவிட்டார், பணம் போடுகிறார்" என்று இவர் சொல்ல, பர்ன்ஸ் நம்பிவிட்டார். ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டிய பணம் வராமல் அவர்கள் முறுக்கிக்கொண்டபோது, "ஏ.ஆர்." என்று பேர் போட்ட ஒரு தந்தியை அட்டெல் எடுத்துக் காட்டினார். பணம் வருகிறது என்று தந்தி. அது போலி என்று மாஹர்க்கே பின்னால் சொன்னார்.

இரண்டாவது கூட்டம்: பாஸ்டன் சூதாடி ஸ்போர்ட் சல்லிவன். இவர் ராத்ஸ்டைனைத் தனியாகப் பார்த்து 80,000 டாலருக்கு ஒப்புக்கொள்ள வைத்தார், பாதி முதலில், பாதி முடிந்த பிறகு என்பது பிரபலமான கதை. இதற்கு ஏட்டுச் சான்று என்று கேட்டால் மேஜை காலிதான்.

சிகாட் பெற்றது 10,000 டாலர், தலையணைக்கு அடியில் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த நோட்டு யார் பெட்டியிலிருந்து கிளம்பியது என்பதுதான் கேள்வி.

வாசு_77 | சனி, மதியம் 12:41

சார், லாஜிக்காகப் பாருங்க. அட்டெல் கையில் அவ்வளவு காசு கிடையாது, சல்லிவன் கையிலும் கிடையாது. தொடர் தொடங்கும் முன்னாடி வைட் சாக்ஸ்தான் ஜெயிக்கும் என்று இருந்த பந்தய விகிதம், சின்சினாட்டி மேல் பணம் கொட்டிச் சமமாகிவிட்டது. அவ்வளவு பணம் நியூயார்க்கில் யாரிடம் இருந்தது? புகை இருந்தால் நெருப்பு இருக்கும்.

ரேவதி_வக்கீல் | சனி, மதியம் 1:15

புகையை வைத்து நீதிமன்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது தம்பி.

1920 அக்டோபரில் ராத்ஸ்டைன் தானாகவே சிகாகோ போய் கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று முதலில் பார்க்கிற ஜூரி) முன்னால் நின்றார். என்னிடம் வந்தார்கள், நான் மறுத்தேன், என் பேரை அட்டெல் பயன்படுத்திவிட்டான், இவ்வளவுதான் அவர் வாக்குமூலம். குற்றச்சாட்டே பதிவாகவில்லை. அட்டெலைப் பிடித்து சிகாகோவுக்கு அனுப்பப் பார்த்தபோது, "நீங்கள் தேடுகிற ஏப் அட்டெல் நான் இல்லை, வேறு ஆள்" என்று வாதாடி நியூயார்க் கோர்ட்டில் தப்பித்தார். உலக சாம்பியனாக இருந்த ஆள்! எதிர்ப்பக்கம் நின்ற வக்கீல் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு பிரபலமான தப்பையும் சரிசெய்துவிடுகிறேன். "ராத்ஸ்டைன் ஆட்கள் ஆட்டக்காரர்களின் ஒப்புதல் வாக்குமூலங்களைத் திருடிவிட்டார்கள், அதனால்தான் ஆட்டக்காரர்கள் விடுதலை" என்று எழுதுகிறார்கள். காகிதங்கள் காணாமல் போனது உண்மை. ஆனால் சுருக்கெழுத்தாளர்களின் குறிப்பிலிருந்து மறுபடி தட்டச்சு செய்து 1921 விசாரணையில் ஜூரி முன்னால் வாசித்துவிட்டார்கள். ஜூரி அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆகஸ்ட் 2 அன்று விடுவித்தது. மறுநாளே பேஸ்பால் கமிஷனர் லேண்டிஸ், கோர்ட் என்ன சொன்னாலும் இவர்கள் இனி ஆட முடியாது என்று அறிவித்துவிட்டார்.

டொரண்டோ_மணி | சனி, மதியம் 1:50

"வைட் சாக்ஸ் முதலாளி கோமிஸ்கி கஞ்சன், ஆட்டக்காரர் பட்டினி, அதால வித்தினம்" எண்டதும் அப்படித்தான். பழைய சம்பளக் கணக்குகளைத் தேடி எடுத்து ஆராய்ஞ்சவை சொல்லுறது வேற: அந்த வருஷம் லீக்கிலேயே கூடச் சம்பளம் குடுத்த அணிகளில வைட் சாக்ஸ் ஒண்டு. பாவம் எண்டு சொல்லக் கதைக்கு ஒரு ஏழை தேவைப்பட்டிருக்கு.

அந்த எட்டுப் பேரில ஒருவரான ஷூலெஸ் ஜோ ஜாக்சனை நினைச்சால்தான் எனக்கு மனசு கேக்காது. 5,000 டாலர் வாங்கினது உண்மை. ஆனால் தொடரில 12 ஹிட் (அடிச்சு பேஸ் எடுத்தது), சராசரி .375, அதாவது நல்ல பேட்டிங், அந்தத் தொடரின்ர ஒரே ஹோம் ரன்னும் (எங்கட சிக்ஸர் மாதிரி) அவர்தான். எட்டுப் பேரில இன்னொருவரான பக் வீவர் காசே வாங்கேல்லை, தெரிஞ்சும் சொல்லேல்லை எண்டதுக்கே வாழ்நாள் தடை.

சும்மாஒருத்தன் | சனி, மதியம் 2:03

காசு வாங்கிவிட்டு நன்றாக ஆடினவருக்கும் தடை, காசு வாங்காமல் ஆடினவருக்கும் தடை. காசு கொடுத்தவருக்குப் பால்.

பழையபேப்பர் | சனி, மாலை 4:30

சும்மாஒருத்தனுக்குச் சிரிப்பு. ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

வாசு கேட்டது நல்ல கேள்வி, அவ்வளவு பணம் யாரிடம் இருந்தது என்று. என் பதில்: பணம் தேவைப்படவில்லை, பேர் போதுமாயிருந்தது. "ஏ.ஆர். பின்னால் இருக்கிறார்" என்ற ஒரு வரியை நம்பி ஆட்டக்காரர்கள் தோற்கத் தயாரானார்கள். அதையே நம்பி ஊரிலிருக்கிற சில்லறைச் சூதாடிகள் எல்லாம் தங்கள் காசைச் சின்சினாட்டி மேல் போட்டார்கள். விகிதம் சரிந்தது. வந்து கேட்டவர்களை வெளிப்படையாக விரட்டியதால் அவருக்குச் சாட்சிகளும் கிடைத்துவிட்டார்கள். நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு அவர் பந்தயம் கட்டாமல் இருந்திருப்பாரா? அந்த அளவுக்கு நான் அப்பாவி இல்லை. ஆனால் தெரிந்து பந்தயம் கட்டுவது வேறு, வாங்கியது வேறு.

1925-ல் கிரேட் கேட்ஸ்பி நாவல் வந்தபோது ஆள் உயிரோடு இருக்கிறார். அதில் மேயர் வுல்ஃப்ஷைம் என்ற பாத்திரம், 1919 வேர்ல்ட் சீரிஸைச் சரிக்கட்டியவர் என்றே அறிமுகம். அதைப் படித்த கோடிக்கணக்கான பேருக்கு அதுவே தீர்ப்பு. நாவலில் அவர் சட்டைக் கைப்பொத்தான் மனிதக் கடைவாய்ப் பல்லில் செய்தது. நிஜ ராத்ஸ்டைனுக்கோ சொந்தப் பல்லே கிடையாது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வெள்ளைவெளேர் என்று பொய்ப்பல் கட்டிக்கொண்டவர்.

ரேஸ்கிளப்_தாத்தா | சனி, மாலை 6:10

தம்பிகளா, பேஸ்பால் எனக்குத் தெரியாது. குதிரை தெரியும். தெரிந்து கட்டுவது என்றால் என்ன என்று இதைக் கேளுங்கள்.

1921 ஆகஸ்ட், சரடோகா, டிராவர்ஸ் ஸ்டேக்ஸ் என்ற பெரிய பந்தயம். ஹாரி பெய்ன் விட்னியின் புரூடெரி என்ற பெண்குதிரைதான் ஃபேவரிட். ராத்ஸ்டைன் குதிரை பேர் ஸ்போர்ட்டிங் பிளட், சுமார் ரகம். புரூடெரி தீனி எடுக்கவில்லை என்ற சேதி இவருக்கு மட்டும் லாயத்திலிருந்து வந்துவிட்டது. இந்த நிலையில் திடீரென்று சாம் ஹில்ட்ரெத் என்ற பெரிய டிரெய்னர் கிரே லேக் என்ற அசகாய சூரக் குதிரையைப் பேர் கொடுக்கிறார். அடடா, இரண்டு பெரிய குதிரை நடுவே ஸ்போர்ட்டிங் பிளட் எங்கே என்று அதன் விலை மூன்றுக்கு ஒன்று ஆனது, அதாவது ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் மூன்று டாலர் லாபம். இவர் ஆட்களை விட்டுப் பல இடத்தில் பிரித்துப் பிரித்து மொத்தம் 1,50,000 டாலர் கட்டினார். பந்தயம் தொடங்கச் சற்று முன்னால் கிரே லேக் வாபஸ். ஓடும்போது புரூடெரிக்கு மூச்சு வாங்கியது. ஸ்போர்ட்டிங் பிளட் ஜெயித்தது. பரிசோடு சேர்த்து ஐந்து லட்சம் டாலர் பக்கம் என்பார்கள்.

ஹில்ட்ரெத் ஏன் பேர் கொடுத்தார், ஏன் எடுத்தார்? யாரும் கேட்கவில்லை. நான் 40 வருஷம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். குதிரை காலையில் தீனித்தொட்டியில் வாய் வைக்காவிட்டால் லாயக்காரப் பையன் முகத்தில் தெரியும். அந்த முகத்தைப் படிக்கத்தான் காசு.

நெறியாளர் | சனி, மாலை 6:45

பந்தய டிப்ஸ் கேட்டு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தாத்தா பழைய கதை சொல்கிறார், நாளைய கதை அல்ல.

பவுண்டரிலைன் | சனி, இரவு 8:00

போலீஸ் இவரைத் தொடவே இல்லையா?

ரேவதி_வக்கீல் | சனி, இரவு 8:25

தொட்டார்கள். 1919 ஜனவரியில் மேற்கு 57-வது தெருவில் அவர் நடத்திய பகடை ஆட்டத்தில் போலீஸ் கதவைத் தட்டியது. கொள்ளைக்காரர்கள் என்று நினைத்தேன் என்று கதவு வழியாகச் சுட்டுவிட்டார். போலீஸ்காரர்களுக்கு லேசான காயம். சாதாரண ஆளாக இருந்தால் வெளியே வந்திருக்க முடியுமா? வழக்கு தள்ளுபடி. கடைசியில் விசாரித்த இன்ஸ்பெக்டர் மேல்தான் பொய்ச்சாட்சி வழக்கு வந்தது. நகர அரசியலைக் கையில் வைத்திருந்த டாமனி ஹாலுக்கும் சூதாட்ட விடுதிகளுக்கும் நடுவே பணமும் தகவலும் போகிற குழாய் இவர். அப்படிப்பட்ட ஆளை யார் உள்ளே தள்ளுவார்?

வாசு_77 | சனி, இரவு 9:10

சரி, சாவு? அதையாவது ஒத்துக்குவீங்களா, மர்மம் என்று?

பழையபேப்பர் | சனி, இரவு 10:50

மர்மம்தான். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1928 செப்டம்பர். மேற்கு 54-வது தெருவில் ஒரு அபார்ட்மென்ட், இரண்டு நாளுக்கு மேல் ஓடிய சீட்டாட்டம். எதிரே கலிபோர்னியாக்காரர் நேட் ரேமண்ட், டைட்டானிக் தாம்சன் முதலானவர்கள். ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர் ஜார்ஜ் மக்மேனஸ். ராத்ஸ்டைன் தோற்றது 3 லட்சம் டாலருக்கும் மேல். கொடுக்காமல் எழுந்து போய்விட்டார். ஆட்டத்தில் ஏமாற்று நடந்தது என்று பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கே கடன் கொடுத்தவர் தன் கடனைக் கொடுக்கவில்லை. வாரக்கணக்கில் இழுத்தது. கூட்டி வைத்தவர் என்ற முறையில் மக்மேனஸுக்குத்தான் தலைவலி.

நவம்பர் 4, ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு மேல். லிண்டீஸில் அவருக்கு போன் வந்தது. பேசிவிட்டு வெளியே வந்தவர், "மக்மேனஸ் கூப்பிடுகிறான்" என்று சொல்லி, தன் துப்பாக்கியைக் கூட்டாளி ஜிம்மி மீஹன் கையில் கொடுத்துவிட்டு பார்க் சென்ட்ரல் ஹோட்டலுக்கு நடந்தார். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ஆயுதம் கூடாது என்பது வழக்கம். அரை மணி நேரம் போல ஆகியிருக்கும். ஹோட்டல் ஊழியர்களுக்கான வாசலின் படிக்கட்டுப் பக்கம் ராத்ஸ்டைன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். குண்டு அடிவயிற்றில்.

அறை எண் 349. பொய்ப்பேரில் பதிவு. உள்ளே தட்டில் சிகரெட் துண்டுகள், பாதி குடித்த கிளாஸ்கள், அலமாரியில் ஓர் ஓவர்கோட். கோட்டின் உள்பக்கம் மக்மேனஸ் பேர் தைத்திருந்தது. துப்பாக்கி கீழே ரோட்டில் கிடந்தது, ஒரு டாக்ஸி டிரைவர் கண்டெடுத்தார்.

இரண்டு நாள் உயிரோடு இருந்தார். போலீஸ் கேட்டுக்கொண்டே இருந்தது. வாயைத் திறக்கவில்லை. 1929-ல் மக்மேனஸ் மேல் வழக்கு நடந்தது. அடையாளம் காட்ட வேண்டிய சாட்சிகள் ஒவ்வொருவராக நழுவ, ஜூரியிடம் விடுவதற்கு ஒன்றுமில்லை என்று நீதிபதியே விடுதலை செய்யச் சொல்லிவிட்டார்.

ரேவதி_வக்கீல் | சனி, இரவு 11:20

உயில் கதையை விட்டுவிட்டீர்கள். சாகப்போகிற நேரத்தில் வக்கீல் ஒருவர் உயிலைக் கொண்டுபோய், நினைவு தப்பிக்கொண்டிருந்த ஆளின் கையில் பேனாவைப் பிடிக்க வைத்தார். கையெழுத்துக்குப் பதில் தள்ளாடுகிற ஒரு பெருக்கல் குறி. அதில் அவருடைய தோழி ஒருத்திக்குக் கணிசமான பங்கு. பக்கத்தில் இருந்த நர்ஸ் பின்னால் கோர்ட்டில், எழுதியது அவர் கை, நகர்த்தியது வக்கீல் கை என்கிற மாதிரி சொல்லிவிட்டார். உயில் போனது.

வாசு_77 | ஞாயிறு, காலை 7:30

கடைசிப் பந்தயம் பற்றி யாரும் சொல்லலையே? செத்த அன்றைக்கு, நவம்பர் 6, ஜனாதிபதி தேர்தல். ஹூவர் ஜெயிப்பார் என்று ஏகப்பட்ட பணம் கட்டியிருந்தார். ஹூவர் ஜெயித்தார். உயிரோடு இருந்திருந்தால் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கைக்கு வந்திருக்கும், சீட்டாட்டக் கடனை அடைத்துவிட்டு மிச்சமும் பார்த்திருக்கலாம். கட்டின ஆள் செத்தால் பந்தயம் செல்லாதாம்.

பழையபேப்பர் | ஞாயிறு, காலை 8:05

இதை மட்டும் நான் மறுக்கப்போவதில்லை வாசு.

அவர் செத்த பிறகுதான் ஊர் நடுங்கியது. அவருடைய ஃபைல்களைத் தேடிப் போனவர்கள் போதைமருந்து வியாபாரம் வரைக்கும் போய் முட்டினார்கள். ஒரு மாஜிஸ்டிரேட் அவரிடம் 20,000 டாலருக்குக் கிட்டத்தட்ட கடன் வாங்கியிருந்தது அடுத்த வருஷம் மேயர் தேர்தலில் வெளியானது, பதவி போனது. அங்கே பிடித்த நூல்தான் நீண்டு நகர ஊழலைத் துருவிய சீபரி விசாரணை ஆகி, 1932 செப்டம்பரில் மேயர் ஜிம்மி வாக்கர் ராஜினாமா செய்கிறவரை இழுத்தது.

டொரண்டோ_மணி | ஞாயிறு, காலை 8:40

2025 மே மாதம் பேஸ்பால் கமிஷனர், செத்துப்போன ஆட்டக்காரர் ஆக்களைத் தடைப் பட்டியலில இருந்து எடுத்துவிட்டார். ஜோ ஜாக்சன் உட்பட. அவர் செத்தது 1951-ல. நூறு வருஷத்துக்கு மேலான தடை. ராத்ஸ்டைன்ர பேர் அந்தப் பட்டியலில எண்டைக்குமே இருந்ததில்லை, அவர் ஆட்டக்காரர் இல்லையே.

பவுண்டரிலைன் | ஞாயிறு, காலை 9:02

கணக்கர் அண்ணே, ஒரு சந்தேகம். இவ்வளவு பேருக்குக் கடன் கொடுத்தவர். செத்த பிறகு அந்தப் பணமெல்லாம் என்ன ஆனது? குடும்பம் வசூலித்ததா?

கணக்கர் | ஞாயிறு, காலை 11:30

பத்து வருஷம் போல இழுத்து, கடைசியில் எஸ்டேட் திவால் என்று அவருடைய தம்பி அறிவிக்க வேண்டி வந்தது. முதலில் கோடிக்கணக்கில் தேறும் என்றார்கள்.

இது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. கட்டடம், குதிரை, இன்சூரன்ஸ் இதற்கெல்லாம் காகிதம் இருக்கும், அதன் மேல் அடமானமும் இருக்கும். பிராட்வே முனையில் நின்று கைமாத்தாகக் கொடுத்ததற்கு அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்தான் சாட்சி, அதிலும் சுருக்கெழுத்து, அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி. கடன்பட்டவன் அடுத்த நாள் காலையில் தினசரியைப் பிரித்து, ஏ.ஆர். போய்விட்டார் என்று படித்துவிட்டு இன்னொரு காபி சொல்லியிருப்பான்.

நாங்கள் வசூலுக்குப் போகும்போது வாசலில் நின்று முதலில் முதலாளி பேரைத்தான் சொல்வோம். தொகை அப்புறம்தான். பேரைக் கேட்டதும் உள்ளே மின்விசிறி சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது, அரை நிமிஷத்தில் யாராவது செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். ராத்ஸ்டைன் கடனை வசூலிக்க என்னை 1929-ல் அனுப்பியிருந்தால் நான் யார் பேரைச் சொல்லிக் கதவைத் தட்டியிருப்பேன்?